கேட்கப்படாதவர்களின் ஒப்புதல்

சென்ற குடியரசு நாளன்று மன்னார்குடிக்குத் தெற்கே ஓர் ஊரில் கிராம சபை கூடியபோது, அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையை வாசிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வாசித்து முடித்ததும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, “நாமே சேந்து ஏத்துக்கிட்டோம்னு வாசிக்கிறிய தம்பி. எங்க ஆத்தா அப்பப் பண்ணையில நாத்துப் பறிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுகிட்ட யாரு வந்து கேட்டா?” என்றார். “தலைவருங்க நமக்காகப் பேசி முடிச்சது ஆயா” என்று ஊராட்சிச் செயலர் சொன்னார். அவர் தலையசைத்துக்கொண்டார், கூட்டம் குடிநீர்க் குழாய்க்கும் நூறு நாள் வேலைக்கும் நகர்ந்துவிட்டது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி நகரவில்லை. கீழ்த் தஞ்சைப் பகுதி நீதிமன்றங்களில் வழக்காடிப் பிழைப்பவன் என்ற முறையில், அடிப்படை உரிமைகளைக் குறிப்பிடாமல் நான் எழுதும் மனுக்கள் குறைவு. அந்த உரிமைகளுக்குக் கட்டுப்படும் மக்கள் எப்போது, எந்த வழியாக அவற்றுக்கு ஒப்புதல் தந்தார்கள் என்பது அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அன்று.

நேரான பதில் ஒன்று உண்டு: யாரும் வந்து கேட்கவில்லை. அரசியல் நிர்ணய சபை 1946இல் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தச் சட்டமன்றங்களைத் தேர்ந்தெடுத்தவர்களோ வரி கட்டியவர்கள், சொத்துள்ளவர்கள், படிப்புள்ளவர்கள். பண்ணையாளாக இருந்த ஒரு பெண்ணின் பெயர் அந்த வாக்காளர் பட்டியலில் இருந்திருக்க வழியே இல்லை. சபை 1949 நவம்பர் 26 அன்று தானே ஏற்றுக்கொண்டது. 1950 ஜனவரி 26 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாகாணங்களின் ஒப்புதலோ மக்களின் வாக்கெடுப்போ இடையில் எதுவும் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லலாமா, கூடாதா என்பதைத்தான் நான் நெடுநாளாக யோசித்துவந்தேன்.

மறுத்தவர்கள் பெற்றுத் தந்தது

ஒப்புதல் கேட்ட நாடு ஒன்று உண்டென்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். 1787 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் எழுதி முடிக்கப்பட்ட அமெரிக்க அரசமைப்பு, 13 மாநிலங்களில் 9 மாநிலங்களின் சிறப்பு மாநாடுகள் ஏற்றால்தான் செல்லுபடியாகும் என்று தன் கடைசிப் பிரிவில் தானே சொல்லிக்கொண்டது. எழுதியவர்களிலேயே மூவர், ஜார்ஜ் மேசன், எட்மண்ட் ராண்டால்ஃப், எல்பிரிட்ஜ் ஜெர்ரி, கையெழுத்திட மறுத்தார்கள். மேசன் எழுதிவைத்த மறுப்புக் குறிப்பு, இதில் உரிமைச் சாசனம் இல்லை என்றுதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டு அந்த நாடு முழுதும் பத்திரிகைகளிலும் ஊர்க் கூட்டங்களிலும் வாதம் நடந்தது. அலெக்ஸாண்டர் ஹாமில்டன் எதிர்வாதம் செய்தார்: அரசுக்கு இல்லாத அதிகாரத்தை எதற்காகத் தடுக்க வேண்டும், பத்திரிகைச் சுதந்திரத்தைப் பறிக்க அதிகாரமே தரப்படாதபோது பறிக்கக்கூடாது என்று எழுதிவைத்தால், எழுதாத மற்றவற்றில் கைவைக்கலாம் என்று பொருளாகிவிடாதா என்றார். அறிவுக்கூர்மையான வாதம்தான், சிறையின் உட்பக்கத்திலிருந்து பார்ப்பவரை அது சமாதானப்படுத்தாது. மாசசூசெட்ஸ் 187க்கு 168 என்ற வாக்கில் ஏற்றது, அதுவும் திருத்தங்களைப் பரிந்துரைத்துக்கொண்டுதான் ஏற்றது. வர்ஜீனியாவில் 89க்கு 79, நியூயார்க்கில் 30க்கு 27. வட கரோலினா 1788இல் ஏற்கவே மறுத்துவிட்டு மறு ஆண்டுதான் வந்து சேர்ந்தது.

இவ்வளவு நெருங்கிய வாக்குகள்தாம், அரசமைப்பை எழுதியவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மேடிசனின் மனத்தை மாற்றின. உரிமைப் பட்டியலால் பெரிய பயன் இல்லை என்று கருதியிருந்தவர், தேர்தலில் நிற்கும்போது திருத்தங்கள் கொண்டுவருவேன் என்று தம் தொகுதிக்கு வாக்களித்து, 1789 ஜூனில் அவற்றை முன்மொழிந்தார். 1791 டிசம்பர் 15 அன்று முதல் 10 திருத்தங்களும் சட்டமாயின. அரசைக் கட்டியவர்கள் ஒப்புதல் வாக்கெடுப்பில் வென்றவர்கள். அந்த அரசிடமிருந்து தனிமனிதனைக் காக்கும் பகுதி, தோற்றவர்களின் கோரிக்கையிலிருந்து வந்தது. நான் இந்த வரலாற்றில் மதிப்பது இதைத்தான். ஒப்புதல் என்ற சடங்கைவிட, மறுக்கும் வாய்ப்பு இருந்ததால் மட்டுமே பேரம் பேச முடிந்தது என்பதை. அதே நேரத்தில் அந்தப் பேரத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்கள் மக்கள்தொகைக் கணக்கில் ஐந்தில் மூன்று பங்காக எண்ணப்பட்டார்கள். அவர்களை யாரும் மாநாட்டுக்கு அழைக்கவில்லை. மேசனே அடிமைகளை வைத்திருந்தவர்தான். மன்னார்குடி மூதாட்டியின் கேள்வியை வர்ஜீனியாவின் புகையிலை வயலில் நின்றும் ஒருவர் கேட்டிருக்கலாம்.

தாட்சாயணி வேலாயுதன் கேட்டது

நம் சபைக்குள்ளும் இந்தக் கேள்வி எழுந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டோம். வயதுவந்தோர் வாக்குரிமையில் தேர்ந்தெடுக்கப்படாத சபைக்கு அரசமைப்பை முடிக்கும் தகுதி உண்டா என்று ஹஸ்ரத் மோஹானியும் தாமோதர் ஸ்வரூப் சேட்டும் கேட்டார்கள். என்னை அதிகம் பாதிப்பது சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தாட்சாயணி வேலாயுதனின் பேச்சு. சபையில் இருந்த ஒரே தலித் பெண் அவர். 1948 நவம்பரில் வரைவின் மீது பேசும்போது, இறுதி வரைவைப் பொதுத் தேர்தலின் மூலம் மக்கள் முன்வைத்து, அவர்கள் ஒப்புதலோடு ஏற்பதே முறை என்றார். வரைவுக் குழுத் தலைவரைப் பாராட்டிக்கொண்டே, எதிர்ப்பு அணியில் நிற்காமலே, அவர் இதைச் சொன்னார் என்பது முக்கியம். சபை அந்த யோசனையை எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொள்ளாததற்குக் காரணங்கள் இருந்தன. பிரிவினையின் ரத்தம் காயவில்லை, அகதிகள் வந்துகொண்டிருந்தார்கள், ஹைதராபாத் அப்போதுதான் இணைக்கப்பட்டிருந்தது. இவற்றை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் வயதுவந்தோர் அனைவரையும் சேர்த்த வாக்காளர் பட்டியலுக்கான வேலை 1948இலேயே தொடங்கிவிட்டது. அந்தப் பட்டியலில் நம் பண்ணையாட்களின் பெயரும் ஏறிக்கொண்டிருந்தது. அவர்களிடம் வரைவைக் கொண்டுபோயிருந்தால் எந்தப் பக்கத்தைக் காட்டி, இது எங்களுக்குப் போதாது என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள்? என் விடையை நான் அதே ஆண்டு டிசம்பரில் நடந்த ஒரு விவாதத்தில் காண்கிறேன்.

1947 ஏப்ரலில் வல்லபபாய் படேல் தலைமையிலான ஆலோசனைக் குழு கொடுத்த வடிவத்தில், உரிய சட்ட நெறிமுறையின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்று இருந்தது. அதாவது, ஒரு சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அந்தச் சட்டமும் அதன் வழிமுறையும் நியாயமானவைதாமா என்று நீதிமன்றம் பார்க்கலாம். அந்த ஏப்ரலிலேயே வங்காளத்தின் சோமநாத் லாஹிரி, இந்த உரிமைகளில் பல ஒரு போலீஸ் கான்ஸ்டபிளின் பார்வையில் எழுதப்பட்டிருக்கின்றன என்று சபையில் குற்றஞ்சாட்டினார். பிரிவினைக்குப் பின் அவருடைய உறுப்பினர் இடம் போய்விட்டது. சபையின் அரசமைப்பு ஆலோசகர் பி. என். ராவ் அமெரிக்கா சென்று அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்துத் திரும்பிய பின், வரைவுக் குழு அந்தத் தொடரை எடுத்துவிட்டு, ஜப்பானின் 1946ஆம் ஆண்டு அரசமைப்பை ஒட்டி, ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நெறிமுறை’ என்று மாற்றியது. சட்டமன்றம் ஒரு நெறிமுறையை எழுதிவிட்டால் அது எவ்வளவு கொடிதாக இருந்தாலும் போதும் என்ற பொருள் அதில் அடங்கியிருந்தது.

1948 டிசம்பரில் இது விவாதத்துக்கு வந்தபோது காஜி சையத் கரிமுத்தீன் பழைய வடிவத்தைத் திரும்பக் கொண்டுவரத் திருத்தம் கொடுத்தார்; கே. எம். முன்ஷி அதை ஆதரித்தார். வரைவுக் குழு உறுப்பினர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் எதிர்த்தார். அவருடைய அச்சத்தைக் காவிரிப் பாசனப் பகுதியில் வாழும் ஒருவர் அலட்சியம் செய்யக்கூடாது. அமெரிக்க நீதிமன்றங்கள் இதே தொடரைப் பிடித்துக்கொண்டு வேலைநேரச் சட்டங்களையும் கூலிச் சட்டங்களையும் வெட்டிச் சாய்த்திருந்தன. குத்தகைச் சட்டமும் கூலிச் சட்டமும் வரவிருந்த ஒரு நாட்டில் அந்த ஆயுதத்தை நிலவுடைமையாளர்களின் வழக்கறிஞர்கள் கையில் கொடுக்கலாமா என்பது நேர்மையான கேள்வி. ஆனால் அந்தப் பிரிவிலிருந்து சொத்து முன்பே எடுக்கப்பட்டிருந்தது; ‘சுதந்திரம்’ என்பதையும் வரைவுக் குழு ‘தனிப்பட்ட சுதந்திரம்’ என்று சுருக்கிவிட்டது. ஒப்பந்தச் சுதந்திரம் என்று வாதாடும் வழி அத்தோடு பெருமளவு அடைபட்டுவிட்டது. எஞ்சி நின்றது மனிதனின் உடல் மட்டும், அவனை விசாரணையின்றி அடைத்து வைக்கலாமா என்ற கேள்வி மட்டும். அதற்கும் நியாயத்தின் காவலை மறுத்ததற்குச் சமூக நலச் சட்டங்களின் பெயரைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. தடுப்புக் காவல் சட்டங்களைக் காப்பாற்றும் எண்ணமே அங்கே மேலோங்கியது என்று கருதுகிறேன். அம்பேத்கர் இரு பக்கத்தையும் எடுத்துச் சொன்னார். கட்சிக்காரர்கள் நிரம்பிய சட்டமன்றத்தை முழுதாக நம்பவும் முடியவில்லை, ஐந்தாறு நீதிபதிகளிடம் எல்லாவற்றையும் விட்டுவிடவும் முடியவில்லை என்று தயங்கி, முடிவைச் சபைக்கே விட்டார். டிசம்பர் 13 அன்று திருத்தம் தோற்றது. அதுவே இன்றைய பிரிவு 21.

1949 செப்டம்பரில் அம்பேத்கரே மீண்டும் வந்தார். மக்களில் பெரும்பகுதியினர் அந்தப் பிரிவால் மனநிறைவடையவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, ஈடாக வேறொரு பிரிவை முன்வைத்தார். கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரை அனுமதிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பவை அதில் வந்தன. கூடவே, தடுப்புக் காவலில் வைக்கப்படுபவருக்கு இந்தப் பாதுகாப்புகள் பொருந்தா என்ற விலக்கும் அதே பிரிவுக்குள் வந்தது. அடிப்படை உரிமைகள் என்ற அத்தியாயத்துக்குள்ளேயே விசாரணையில்லாச் சிறைக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அதுதான் பிரிவு 22.

1950 மே

அந்த இடம் உடனே நிரப்பப்பட்டது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து மூன்று வாரங்கூட ஆகாத நிலையில், 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்து 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். அதே மாதம் நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. மே மாத முதல் வாரத்தில் பட்டுக்கோட்டைப் பகுதியில் ஜாம்பவானோடை சிவராமனும் வாட்டாக்குடி இரணியனும் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரணியன் மலேயாவில் தொழிற்சங்கம் கட்டித் திரும்பி, இங்கே பண்ணையாட்களைத் திரட்டியவர். தலைமறைவாக இருந்தவர்கள், தடைசெய்யப்பட்ட கட்சியினர், தேடப்பட்டவர்கள் என்று அன்றைய அரசு சொன்னது. தேடப்படுபவரைப் பிடித்து நீதிபதி முன் நிறுத்துவதற்காகத்தானே அத்தனை பிரிவுகளையும் எழுதினோம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இரணியனின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பிரிவு 21 என்ற எண் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அது எவ்வளவு காத்தது என்பது தெரியும்.

அதே மே 19 அன்று உச்ச நீதிமன்றம் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் வழக்கில் தீர்ப்பளித்தது. சென்னை மாநிலச் சிறையில் இருந்த கோபாலனுக்காக எம். கே. நம்பியார் வாதாடினார். நாடாளுமன்றம் எழுதிய நெறிமுறை நியாயமானதுதானா என்று எங்களால் பார்க்க முடியாது, அந்தக் கதவைச் சபையே மூடிவிட்டது என்ற அடிப்படையில், சட்டத்தின் ஒரு பிரிவைத் தவிர மற்றவை செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி ஃபசல் அலி மட்டும் வேறு வகையில் எழுதினார்: ஒருவரைச் சிறையில் வைக்கும் சட்டம் அவருடைய மற்றச் சுதந்திரங்களையும் தொடுகிறது, அந்த நெறிமுறையில் அடிப்படை நீதி இருக்க வேண்டும். அவருடைய மறுப்பு, 1978இல் மேனகா காந்தி வழக்கில் நாட்டின் சட்டமாயிற்று. 1948 டிசம்பரில் தோற்ற கரிமுத்தீனின் திருத்தம் ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து நீதிமன்றத்தின் வழியாக வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் மறுத்தவர்களின் கோரிக்கை நான்கு ஆண்டுகளில் எழுத்தில் ஏறியது. இங்கே எடுத்த காலத்துக்கு எத்தனை பேர் எத்தனை ஆண்டு சிறைகளில் ஈடு கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போது, தாட்சாயணி வேலாயுதன் சொன்னதைச் செய்திருக்க வேண்டும் என்றே நான் முடிவுக்கு வருகிறேன். வாக்கெடுப்பில் அரசமைப்பு தோற்றிருக்காது; வென்றிருக்கும். ஆனால் வெல்வதற்காகச் சிலவற்றைக் கொடுத்திருக்க வேண்டியிருக்கும்.

வாக்கு வந்த பிறகு

இதை ஊகமாக மட்டும் சொல்லவில்லை. எங்கள் மாவட்டத்தில் அதற்கு ஒரு சான்று உண்டு. கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் பிரிவு 23, 1950 ஜனவரியிலிருந்தே புத்தகத்தில் இருந்தது. அதனால் கீழ்த் தஞ்சையின் பண்ணைகளில் பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை. 1952இல் முதல் பொதுத் தேர்தல் வந்தது. பண்ணையாள் முதன்முறையாக வாக்களித்தான், அவன் மனைவியும் வாக்களித்தாள். சென்னை மாநிலத்தில் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152தான் கிடைத்தன. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே, கம்யூனிஸ்டுகளைக் கடுமையாக எதிர்த்த ராஜாஜியின் அரசு, தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு, பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றத் தடை என்று அது சொன்னது. குறைகள் நிறைய இருந்த சட்டந்தான். நில உடைமையாளர்கள் அதைத் தாண்ட வழிகளும் கண்டுபிடித்தார்கள். இருந்தாலும், மக்களிடம் வந்து கேட்க நேர்ந்த சில மாதங்களுக்குள், எழுத்தில் கிடந்த ஓர் உரிமையின் திசையில் அரசு ஓரடி வைத்தது. அந்தத் தேர்தல் 1949 நவம்பருக்கு முன் நடந்திருந்தால் அடிப்படை உரிமைகளின் அத்தியாயமே வேறு உறுதியோடு இருந்திருக்கும் என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

கேட்காமல் விட்ட கேள்வி வேறு வழியிலும் வந்தது. 1957 நவம்பர் 3 அன்று தஞ்சாவூரில் கூடிய திராவிடர் கழகத் தனி மாநாடு, சாதியைக் காக்கும் பிரிவுகளை மாற்றாவிட்டால் நவம்பர் 26 அன்று அரசமைப்புச் சட்டத்தை எரிப்போம் என்று அறிவித்தது. மாநில அரசு அவசரமாக மூன்றாண்டு வரை சிறை தரும் ஒரு சட்டத்தை இயற்றியது. அதைத் தெரிந்துகொண்டே ஏறத்தாழ 3,000 பேர் சிறை சென்றார்கள். பலர் எரித்ததை ஒப்புக்கொண்டு எதிர்வழக்காட மறுத்தார்கள். பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் திருச்சிச் சிறையில் உயிரிழந்தார்கள். உரிமைகளை நேசிக்கும் வழக்கறிஞர்கள் சிலர் இந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். எரிக்கப்பட்ட பிரிவுகளில் சமய உரிமையைத் தரும் 25ஆம் 26ஆம் பிரிவுகளும் இருந்தன, உரிமைகளையே எரிப்பது எப்படி உரிமைப் போராட்டமாகும் என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தீண்டாமையை ஒழித்த சட்டம் சாதியை ஒழிக்கவில்லை. சமய உரிமையின் நிழலில் கருவறை வாசல் பிறப்பால் மூடியிருந்தது. ஒரு சமூகத்தின் வழக்கத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு, அந்த வழக்கத்தால் ஒதுக்கப்பட்ட தனிமனிதருக்குக் கிடைக்கவில்லை என்பதே அவர்கள் புகார். மேசன் தம் மறுப்பைத் தாளில் எழுதி மாநாட்டில் வாதாட முடிந்தது. மணல்மேட்டுக்காரருக்கு அப்படியொரு மாநாடு வைக்கப்படவே இல்லை. ஒப்புதல் விவாதத்தில் அவர்கள் எட்டாண்டு தாமதமாகப் பேசினார்கள் என்றே கொள்கிறேன், அவர்களை அரசமைப்பின் பகைவர்கள் என்று எழுதும் கட்டுரைகளை ஏற்க மறுக்கிறேன்.

வாசலுக்கு வெளியே

இவையெல்லாம் பழங்கதை என்று சொல்ல என் தொழில் என்னை விடவில்லை. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டத்தை, ஊரில் குண்டர் சட்டம் என்று சொல்வதை, எழுத வழிவிட்டது அதே பிரிவு 22தான். மாவட்ட ஆட்சியரின் ஓர் ஆணையில் ஒருவரை ஓராண்டு வரை விசாரணையின்றி வைத்திருக்கலாம். 2017இல் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்த நெடுவாசல், கதிராமங்கலம் மக்களுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மீது இந்தச் சட்டம் போடப்பட்டது. சில வாரங்களுக்குப் பின் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துசெய்தது. செய்தித்தாளில் வராத பெயர்கள் எவ்வளவோ. அவர்களில் ஒருவருடைய தாயோடு சென்னையில், தடுப்புக் காவல் ஆணைகளை ஆராயும் அறிவுரைக் கழகத்தின் முன் காத்திருந்திருக்கிறேன். அங்கே வழக்கறிஞர் உள்ளே போய் வாதாட உரிமையில்லை. “நீங்க வந்தாத்தானே சார் எடுத்துச் சொல்ல முடியும், எனக்கு என்னா பேசத் தெரியும்” என்று அந்த அம்மா கேட்டார். வேதாரண்யம் பக்கத்திலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்தவர். அரசமைப்பே என்னை வெளியில் நிறுத்துகிறது என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. ஆட்கொணர்வு மனுவில் ஆணை பின்னர் ரத்தானது. அதற்குள் அவர் மகன் பல மாதங்களைத் திருச்சிச் சிறையில் கழித்துவிட்டான்.

இந்தப் பிரிவைத் திருத்த நாடாளுமன்றம் முன்பே முடிவெடுத்தது என்பதைச் சட்டம் படித்தவர்களிலும் பலர் கவனிப்பதில்லை. நெருக்கடி நிலைக்குப் பின் வந்த 44ஆவது திருத்தச் சட்டம், 1978, அறிவுரைக் கழகத்தின் கருத்தின்றி அடைத்து வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்தது. அந்தக் கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே அமைக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தத் திருத்தத்தின் மற்றப் பகுதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பிரிவு 22ஐத் தொடும் பகுதிக்கு மட்டும், அது எந்த நாளிலிருந்து செயல்படும் என்ற அறிவிக்கையை ஒன்றிய அரசு இன்றுவரை வெளியிடவில்லை. இடையில் எல்லா வண்ணக் கட்சிகளும் தில்லியில் ஆட்சியில் இருந்துவிட்டன, எங்கள் மாநிலக் கட்சிகளும் அந்த அமைச்சரவைகளில் இடம்பெற்றன. புதிய விவாதமோ புதிய வாக்கெடுப்போ இதற்குத் தேவையில்லை. அரசிதழில் ஒரு தேதி போதும். அடுத்த மக்களவைத் தேர்தலுக்குத் தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் மயிலாடுதுறையிலும் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், தண்ணீரையும் நெல்லுக்கான விலையையும் கேட்கும்போதே, அந்தத் தேதியையும் எழுத்தில் வாங்க வேண்டும் என்று எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் தீர்மானம் ஒன்றை முன்வைத்திருக்கிறேன்.